ஒரே உயரம், வேறு வேறு எலும்புக்கட்டு: சரியான நிறையை எதை வைத்துச் சொல்வது?

கடற்கரை வீதி (வெள்ளவத்தை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் மருத்துவப் பரிசோதனையின் அறிக்கை வந்த நாள்முதல் வீட்டில் ஓயாமல் நடக்கும் ஒரு வாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். எனக்கும் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் தம்பிக்கும் ஒரே உயரம், 168 சென்ரிமீற்றர். என் நிறை 69 கிலோ, அவருடையது 62 கிலோ. உடற்திணிவுச் சுட்டி, அதாவது கிலோவிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், எனக்கு 24.4 என்றும் அவருக்கு 22 என்றும் வருகிறது. என் அறிக்கையில் ‘நிறை அதிகம்’ என்று எழுதிக் கீழே கோடும் இழுத்திருக்கிறார்கள். தம்பி தன் பங்குக்கு அதே சோதனையை வேறோர் இடத்தில் செய்தபோது ‘சாதாரணம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

எங்கள் அம்மா இதை ஏற்கவில்லை. எனக்கு அப்பாவின் எலும்புக்கட்டு என்றும், தம்பிக்குத் தன் பக்கத்து மெல்லிய உடம்பு என்றும், இருவரையும் ஒரே கோலால் அளப்பது நியாயமில்லை என்றும் அவர் சொல்கிறார். அவர் சொல்வதில் ஏதோ உண்மை இருப்பதாகவே எனக்கும் படுகிறது. என் கைக்கடிகாரப் பட்டி கடைசித் துளையில்தான் பூட்டுப்படும். தம்பிக்கு வாங்கும் பட்டிகளில் கடைக்காரரே புதிதாக இரண்டு துளை குத்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அளவு நாடாவால் சுற்றிப் பார்த்தபோது என் மணிக்கட்டு 18 சென்ரிமீற்றர், அவருடையது 15.8.

அப்பாவின் பழைய நாட்குறிப்பு ஒன்றின் பின்பக்கத்தில் சிறிய, நடுத்தர, பெரிய உடற்கட்டு என்று மூன்று நிரல்கள் கொண்ட நிறை அட்டவணை ஒன்றும் அகப்பட்டது. எலும்புக்கட்டை அளப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஏதும் உண்டா என்பதையும், உண்டெனில் அதற்காக எத்தனை கிலோ கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.


போசணை மேசை (பொரளை)

அண்ணா, உங்கள் அப்பாவின் நாட்குறிப்பில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவின் மெட்ரோபொலிட்டன் ஆயுட் காப்புறுதி நிறுவனத்தின் அட்டவணையாகவோ அதன் வழிவந்த பிரதியாகவோதான் இருக்கும். அந்நிறுவனத்தின் புள்ளிவிபரவியலாளர் லூயிஸ் டப்ளினின் வழிகாட்டலில் 1942இல் பெண்களுக்கும் 1943இல் ஆண்களுக்கும் உகந்த நிறை அட்டவணைகள் வெளியாயின; 1959இலும் 1983இலும் அவை திருத்தப்பட்டன. மூன்று உடற்கட்டு என்ற பிரிவு தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் எவரைப் பெரிய கட்டுடையவர் என்று கொள்வது என்பதற்கு முதல் நாற்பது ஆண்டுகளில் எந்த அளவீடும் தரப்படவில்லை என்பது பலருக்குத் தெரியாத செய்தி. வாசிப்பவர் தனக்குப் பிடித்த நிரலைத் தானே தெரிவுசெய்துகொள்ளலாம் என்ற நிலைதான் அப்போது இருந்தது. அந்தச் சுதந்திரத்தை மக்கள் எந்தப் பக்கமாகப் பயன்படுத்தியிருப்பார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் முழங்கை அகலம் அளவுகோலாக வந்தது. கையை முன்னே நீட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, விரல்கள் மேல்நோக்கியும் உள்ளங்கை உங்கள் பக்கமாகவும் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்கையின் இரு பக்கங்களிலும் துருத்தி நிற்கும் எலும்புகளை மற்றக் கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து, அந்த இடைவெளியை மாற்றாமல் அடிமட்டத்தில் வைத்துப் பாருங்கள். வேணியர் இடுக்கிமானி கிடைத்தால் இன்னும் நல்லது. வெறுங்காலில் ஏறத்தாழ 160 முதல் 168 சென்ரிமீற்றர் வரை உயரமுள்ள ஆணுக்கு 6.7 முதல் 7.3 சென்ரிமீற்றர் வரை நடுத்தரக் கட்டு. அதற்குக் குறைந்தால் சிறியது, கூடினால் பெரியது. 150 முதல் 157 வரை உயரமுள்ள பெண்ணுக்கு நடுத்தரம் என்பது 5.7 முதல் 6.4 வரை. அந்த இடத்தில் கொழுப்புப் படிவது மிகவும் குறைவு என்பதால், நிறை கூடினாலும் குறைந்தாலும் எண் அதிகம் மாறாது. இந்த அளவைத் தெரிவுசெய்ததற்கு முக்கிய காரணமும் அதுவே.

நீங்கள் எடுத்த மணிக்கட்டு அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. உயரத்தை மணிக்கட்டின் சுற்றளவால் வகுக்க வேண்டும். ஆண்களுக்கு 10.4க்கு மேற்பட்டால் சிறிய கட்டு, 9.6க்குக் குறைந்தால் பெரிய கட்டு, இடைப்பட்டது நடுத்தரம். பெண்களுக்கு அந்த எல்லைகள் 11உம் 10.1உம் ஆகும். உங்களுக்கு 9.3, உங்கள் தம்பிக்கு 10.6. ஆகவே அம்மாவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

ஒரு கையின் பெருவிரலையும் நடுவிரலையும் மற்ற மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். விரல் நீளமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.


பிரீமியம் (கொள்ளுப்பிட்டி)

காப்புறுதித் துறையில் கணக்குப் பார்க்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், மேலே சகோதரி எழுதியதற்கு ஒரு திருத்தமும் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க விரும்புகிறேன்.

திருத்தம் சிறியது. 1983ஆம் ஆண்டு அட்டவணையில் காணும் நிறை உடுப்போடு சேர்த்த நிறை. ஆண்களுக்கு 5 இறாத்தலும் பெண்களுக்கு 3 இறாத்தலும் உடுப்புக்கென்று அதில் அடங்கியுள்ளன. உயரமும் ஓர் அங்குலக் குதியுள்ள சப்பாத்தோடு எடுத்தது. நம்மவர்கள் வெறுங்கால் உயரத்தை வைத்துக்கொண்டு நேரே அதில் தேடுவதால் விடை பிழைத்துப்போகிறது. இதைச் சரிசெய்து பார்த்தால், இழையைத் தொடங்கியவரின் உயரத்துக்குச் சிறிய கட்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 63.5 கிலோ, நடுத்தரத்துக்கு 62 முதல் 67.6, பெரிய கட்டுக்கு 65 முதல் 74 கிலோ என்று வரும். அண்ணனும் தம்பியும் அவரவர் நிரலுக்குள் அழகாக அடங்குகிறார்கள். அம்மாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

எச்சரிக்கைதான் பெரியது. அந்த அட்டவணைகளின் அடித்தளம் காப்புறுதி எடுத்தவர்களின் இறப்புப் பதிவுகள். எந்த உயரத்தில் எந்த நிறையுடையவர்கள் குறைவாக இறந்தார்கள் என்பதை அப்பதிவுகள் சொல்லும். ஆனால் அவர்களில் ஒருவருடைய முழங்கையையும் எவரும் அளந்து பதிந்திருக்கவில்லை. முழங்கை எண்கள் அமெரிக்க அரசு நடத்திய தேசிய சுகாதார, போசணை ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டு, மக்களில் பாதிப்பேர் நடுத்தரத்திலும் கால்வாசிப்பேர் வீதம் இரு ஓரங்களிலும் விழும்படி வெட்டப்பட்டவை. அதாவது, பெரிய கட்டுடையவர் 74 கிலோவில் நீண்டநாள் வாழ்ந்தார் என்று எந்தத் தரவும் காட்டவில்லை. வேறு வேறு இடங்களில் பிறந்த இரண்டு கணக்குகளை ஒரே தாளில் அச்சிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மேலும் அந்தக் காப்புறுதிதாரர்கள் பெரும்பாலும் வட அமெரிக்காவின் வெள்ளையின நடுத்தர வகுப்பினர்; அட்டவணை 25 முதல் 59 வயது வரையானவர்களுக்கே உரியது. கொழும்பில் இருக்கும் நாம் அதை ஒரு வழிகாட்டியாகப் பார்க்கலாம். அதில் ‘பெரிய கட்டு’ என்ற நிரலைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறிக்கையை மறுக்க முற்படுவது வேறு விடயம்.


ஊசிநூல் (பம்பலப்பிட்டி)

நான் வைத்தியனோ கணக்கனோ அல்லன், தையற்காரன். எனினும் நாள் முழுவதும் மனித உடம்பை அளப்பவன் என்பதால் இரண்டு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள்.

எலும்புக்கட்டு என்ற ஒன்று உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாடிக்கையாளர் இளைத்தாலும் பருத்தாலும் தோளின் குறுக்களவு அவ்வளவாக மாறுவதில்லை. சேட்டின் கைப்பட்டி அளவு சற்றே மாறும். இடுப்பும் வயிறும்தான் ஆண்டுக்கு ஆண்டு ஓடும். ஆகவே ஒருவருடைய கட்டு எது, அதன்மேல் பின்னால் ஏறியது எது என்பதை என் பழைய அளவுப் புத்தகமே காட்டிக்கொடுத்துவிடும். பெரிய எலும்பு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குத் தோள் சாதாரண அளவிலேயே இருக்கும்.

இங்கே எவரும் இன்னும் தொடாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண்கள் தங்கள் இடுப்பளவைக் கேட்டால் காற்சட்டையின் அளவைச் சொல்வார்கள். வயிறு முன்னே வர வர காற்சட்டை வயிற்றுக்குக் கீழே இறங்கிக்கொண்டு போகும். இறங்கிய இடத்தில் அளவு மாறாமல் இருக்கும். இளவயதில் 34 அங்குலம் தைத்தவர் ஐம்பது வயதிலும் 34 என்றே கேட்பார். நாடாவை தொப்புள் மட்டத்தில் பிடித்தால் 39 காட்டும். நாடாவைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுக்காத ஆண்களை நான் அதிகம் கண்டதில்லை. இழையைத் தொடங்கிய ஐயா தம் இடுப்பளவையும் தம்பியின் இடுப்பளவையும் இன்னும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன்.


கடற்கரை வீதி (வெள்ளவத்தை)

ஊசிநூல் ஐயாவின் கேள்வி நேரே வந்து தைத்தது. ஞாயிற்றுக்கிழமை தம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்ததால், சாப்பாட்டுக்கு முன்பே இருவரும் அளந்துவிட்டோம். முழங்கை அகலம் எனக்கு 7.5 சென்ரிமீற்றர், அவருக்கு 6.4. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் பார்த்தோம். எனக்கு 86 சென்ரிமீற்றர். தம்பிக்கு 91.

இந்த எண் எங்கள் இருவருக்குமே எதிர்பாராதது. மேலிருந்து பார்த்தால் அவர் ஒல்லியான மனிதர், கைகால்கள் மெலிந்தவை, கன்னம் ஒட்டியிருக்கும். தளர்வான சேட்டுப் போடும் வழக்கமுடையவர் என்பதால் வயிறு வெளியே தெரிவதில்லை. அவர் தம் அறிக்கையையும் அனுப்பியிருக்கிறார். வெறும் வயிற்றுக் குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராம். என்னுடையது 93. நிறை ‘சாதாரணம்’ என்று எழுதப்பட்டிருந்ததால் அந்த 112ஐ அவரும் பொருட்படுத்தவில்லை, பார்த்தவர்களும் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை. இப்போது என் முதற் கேள்வியே தலைகீழாகிவிட்டது போலிருக்கிறது.


நிழல்மரம் (கறுவாத்தோட்டம்)

தம்பி, பொது மருத்துவத்தில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். உங்கள் கேள்வி இப்போதுதான் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது.

எலும்புக்கட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம் சமூகத்தில் ஒரே திசையில்தான் பேசுகிறோம். பெரிய எலும்பு உள்ளவருக்கு நிறை கூடலாம் என்று சலுகை கேட்கிறோம். சிறிய எலும்பு உள்ளவருக்கு நிறை இன்னும் குறைவாக இருக்க வேண்டும் என்ற மறுபக்கத்தை எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் தெற்காசியர்களான நமக்கு அந்த மறுபக்கமே முக்கியமானது. சிறிய கட்டும் குறைந்த தசையும் உடைய ஒருவருடைய 62 கிலோவில் எலும்புக்கும் தசைக்கும் உரிய பங்கு குறைவு. ஆகவே கொழுப்பின் பங்கு கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கொழுப்பு வயிற்றினுள்ளே, ஈரலைச் சுற்றிச் சேரும்போது குளுக்கோசு மெல்ல ஏறத் தொடங்குகிறது.

இதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டிய உதாரணம் ஒன்று உண்டு. 2004இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் பூனாவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜோன் யுட்கின் ஆகிய இரு வைத்தியர்கள் தங்கள் இருவரின் படத்தையே பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம். சுட்டி ஒன்றாக இருந்தும் உடம்பு ஒன்றாக இல்லை. சிங்கப்பூரில் சீனர், மலாயர், இந்தியர் ஆகிய மூன்று இனத்தவரிடையே நடந்த ஆய்வுகளிலும் ஒரே சுட்டிக்கு ஐரோப்பியரைவிடக் கொழுப்புக் கூடுதலாக இருந்தது. உடற்கட்டின் மெலிவும் கால், உடல் நீள விகிதமும் அதற்கு ஒரு பகுதிக் காரணமாகக் காட்டப்பட்டன.

இந்த வகைச் சான்றுகளை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23உம் 27.5உம் நடவடிக்கை எடுப்பதற்குரிய மேலதிக எல்லைகள் என்று 2004இல் அறிவித்தது. 25, 30 என்ற உலகப் பொது எல்லைகளை அது நீக்கவில்லை. உங்கள் அலுவலக அறிக்கையில் 24.4க்குக் கோடிட்டது இந்த 23ஐ வைத்துத்தான். இடுப்புச் சுற்றளவுக்குத் தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது இன்னோர் எளிய கணக்கு. 168இன் பாதி 84. அந்தக் கணக்கில் நீங்களும் இரண்டு சென்ரிமீற்றர் வெளியே நிற்கிறீர்கள். உங்கள் சகோதரர் ஏழு.

112 என்பது நீரிழிவு அல்ல, ஆனால் நீரிழிவுக்கு முந்திய நிலை. 126ஐத் தொட்டு, மீளச் செய்த சோதனையிலும் அவ்வாறே வந்தால்தான் நோய் என்று பெயர் சூட்டுவோம். அவரை அடுத்த சில வாரங்களுக்குள் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் சென்று, கடந்த சில மாதங்களின் சராசரிக் குளுக்கோசு நிலையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையும் கொழுப்புச் சோதனையும் செய்விக்கவும். தனியாரிடம் போக விருப்பமில்லையெனில், சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் கட்டணமின்றி அடிப்படைப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளலாம்.


பிரீமியம் (கொள்ளுப்பிட்டி)

வைத்தியர் ஐயா எழுதியதை மதிப்போடு வாசித்தேன். ஆனாலும் ஒரு நியாயக் கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆசியர்களின் சராசரிக் கட்டு மெல்லியது என்பதால்தான் எல்லை 23க்கு இறக்கப்பட்டது என்றால், சராசரியிலிருந்து விலகிப் பெரிய கட்டோடு பிறந்த ஆசியருக்கு அந்த எல்லை எப்படிப் பொருந்தும்? முழங்கை 7.5 சென்ரிமீற்றர் உள்ள இவரை 6.4 சென்ரிமீற்றர்க்காரர்களுக்கென்று இறக்கிய எல்லையால் அளந்தால், அம்மா சொன்ன அநியாயம் வேறொரு வடிவத்தில் திரும்பி வந்துவிடுகிறதே.


நிழல்மரம் (கறுவாத்தோட்டம்)

நல்ல கேள்வி. அந்த நிபுணர் குழுவே தன் அறிக்கையில், ஆபத்துத் தென்படத் தொடங்கும் இடம் ஆசிய மக்கட்கூட்டங்களிடையே 22க்கும் 25க்கும் இடையில் மாறுபடுகிறது என்று எழுதியிருக்கிறது. ஆகவே 23 என்பது ஒருவரின் கதவில் ஒட்டும் தீர்ப்பன்று. ஒரு நாட்டின் சுகாதாரத் துறை எப்போது விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான குறி. பெரிய கட்டும் நல்ல தசையும் உடையவர், இடுப்பு உயரத்தின் பாதிக்குள் இருந்து, குளுக்கோசும் குருதியமுக்கமும் கொழுப்பும் ஒழுங்காக இருந்தால், 24இல் நிற்பதைப் பற்றி நான் அவரைத் தொந்தரவு செய்ய மாட்டேன். இவருக்கு இடுப்பு 86 என்பதால் மட்டும் சற்றே குறைக்கச் சொல்வேன்.


போசணை மேசை (பொரளை)

முதற் கேள்வியின் இரண்டாம் பாதி, அதாவது எத்தனை கிலோவுக்கு இடமுண்டு என்பது, இன்னும் விடை பெறாமல் கிடக்கிறது. அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

70 கிலோ நிறையுள்ள ஓர் ஆணின் எலும்புக்கூடு, என்புமச்சையும் சேர்த்து, ஏறத்தாழ 10 கிலோ. ஒருவருடைய எலும்புகள் மற்றவருடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கனமானவை என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் எலும்பால் மட்டும் வரும் வித்தியாசம் 2 கிலோதான். அகன்ற கட்டு கூடுதலான தசையைத் தாங்கும் என்பதால் அதன்மேல் இன்னும் சில கிலோ சேரலாம். மருத்துவமனைப் போசணையாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஹம்வி முறையிலும் இதே அளவுதான் வருகிறது. 1964இல் வெளியான அந்த முறைப்படி, ஆணுக்கு முதல் 5 அடிக்கு 106 இறாத்தல், அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 6 இறாத்தல். பெண்ணுக்கு 100 இறாத்தலும் அங்குலத்துக்கு 5 இறாத்தலும். சிறிய கட்டுக்கு 10 வீதம் கழிக்க வேண்டும், பெரிய கட்டுக்கு 10 வீதம் கூட்ட வேண்டும். உங்கள் இருவரின் 5 அடி 6 அங்குலத்துக்கு நடுத்தரம் 64.4 கிலோ, சிறிய கட்டு 58, பெரிய கட்டு 70.9.

ஹம்வியின் முறையும் ஓர் அண்ணளவுதான். அதற்குப் பின்னாலும் இறப்புத் தரவு எதுவும் இல்லை. நான் அதைப் பயன்படுத்தும் விதம் வேறு. உடற்திணிவுச் சுட்டி 18.5க்கும் 23க்கும் இடைப்பட்ட வீச்சை முதலில் எடுத்துக்கொள்வேன். 168 சென்ரிமீற்றருக்கு அது ஏறத்தாழ 52 முதல் 65 கிலோ. எலும்புக்கட்டை அந்த வீச்சுக்குள் எந்தப் பாதியில் நிற்க வேண்டும் என்று முடிவுசெய்யவே பயன்படுத்துவேன். சிறிய கட்டுடைய தம்பிக்குக் கீழ்ப்பாதி, 58ஐ ஒட்டிய இடம். பெரிய கட்டுடைய உங்களுக்கு மேல்விளிம்பும், வைத்தியர் ஐயா சொன்ன நிபந்தனைகள் நிறைவேறினால் அதற்கு மேல் ஒன்றிரண்டு கிலோவும். அதாவது 66 அல்லது 67. நீங்கள் இறக்க வேண்டியது இரண்டு மூன்று கிலோ. உங்கள் தம்பி நான்கு கிலோ. பார்ப்பவர்கள் அவரைப் பார்த்து, ஏன் இன்னும் மெலிகிறாய் என்று கேட்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது உணவைக் குறைப்பதைவிடக் கடினம் என்பதை என்னிடம் வருபவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அவர் பட்டினி கிடந்து அந்த நான்கு கிலோவை இறக்கக் கூடாது. அப்படி இறக்கினால் ஏற்கெனவே குறைவாக உள்ள தசையும் சேர்ந்து கரையும். தட்டில் சோற்றைக் கால்வாசியாக்கி, மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றைக் கூட்டி, மாலையில் நடப்பதோடு பாரம் தூக்கும் பயிற்சியும் வாரத்தில் இரு நாட்களாவது செய்தால், தராசில் இரண்டு கிலோ மட்டுமே இறங்கினாலும் நாடாவில் ஐந்தாறு சென்ரிமீற்றர் இறங்கியிருக்கக் கூடும். அவருக்கு நாடாதான் முதன்மை. தராசு இரண்டாம் பட்சம்.


தெஹிவளை இளைஞன்

எனக்கு 172 சென்ரிமீற்றர், 78 கிலோ, சுட்டி 26.4. தினமும் ஜிம்முக்குப் போகிறேன். இடுப்பு 80 சென்ரிமீற்றர். ஜிம்மில் உள்ள மின்னியல் தராசு கொழுப்பு 17 வீதம் என்று ஒரு நாளும் 21 வீதம் என்று மறுநாளும் காட்டுகிறது. எதை நம்புவது?


போசணை மேசை (பொரளை)

இடுப்பை நம்புங்கள், தம்பி. 172இன் பாதி 86. நீங்கள் நன்றாக உள்ளே இருக்கிறீர்கள். அந்தத் தராசுகள் பாதத்தின் வழியே மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தி, உடலின் நீர் அதற்குக் காட்டும் தடையை அளந்து கொழுப்பை ஊகிப்பவை. கொழும்பு வெயிலில் வியர்த்துவிட்டு ஏறினால் ஓர் எண், தண்ணீர் குடித்து ஏறினால் வேறோர் எண். காலையில் மலசலம் கழித்தபின், வெறும் வயிற்றில், ஒரே தராசில் ஏறி, மாதக்கணக்கில் போக்கை மட்டும் பாருங்கள்.


ஹவ்லொக் நகர் வாசகி

இவ்வளவு நேரமும் ஆண்களின் கணக்கே பேசப்பட்டதால் என் அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். எழுபதைக் கடந்தவர். பழைய கிளினிக் அட்டையில் உயரம் 152 சென்ரிமீற்றர் என்றிருக்கிறது. இப்போது அளந்தால் 148தான் வருகிறது. நிறை இரண்டு காலத்திலும் 58 கிலோ. முன்பு சுட்டி 25 ஆக இருந்தது, இப்போது 26.5 என்கிறார்கள். காப்புகளும் இப்போது கையில் ஏறுவதில்லை என்பதால் எலும்பு பெருத்துவிட்டது என்று அவர் நம்புகிறார். நிறையைக் குறைக்கச் சொல்ல வேண்டுமா?


நிழல்மரம் (கறுவாத்தோட்டம்)

அம்மா, காப்பு ஏறுவது மணிக்கட்டைப் பொறுத்ததன்று; பெருவிரல் அடியும் விரல் மொளிகளும் சேரும் அகலத்தைப் பொறுத்தது. முதுமையில் மூட்டுகள் தடித்தால் காப்பு ஏறாது. மணிக்கட்டைச் சுற்றி அளந்து பாருங்கள். அது பெரும்பாலும் முன்போலவே இருக்கும். வளர்ந்தபின் எலும்புக்கட்டு பெருப்பதில்லை.

உயரம் நான்கு சென்ரிமீற்றர் குறைந்ததுதான் என் கண்ணில் முதலில் படுகிறது. முள்ளந்தண்டு என்புகள் நொறுங்கியிருக்கலாம். அதை வைத்தியரிடம் காட்டி, என்பின் அடர்த்தியைப் பரிசோதிப்பதுபற்றிக் கேளுங்கள். ஏறிய சுட்டி, நிறை கூடியதால் ஏறவில்லை. உயரம் குறைந்ததால் ஏறியது. முதியவர்களுக்குச் சுட்டி சற்றுக் கூடுதலாக இருப்பது இளையவர்களுக்கு உள்ளது போன்ற ஆபத்தைக் காட்டுவதில்லை. எழுபதுக்குப் பின் நான் அஞ்சுவது தானாக இறங்கும் நிறையைத்தான். முயற்சியேதும் இன்றி ஆறு மாதம், ஓராண்டுக்குள் நிறையில் 5 வீதம், அதாவது இவருக்கு 3 கிலோவளவு இறங்கினால் உடனே காரணம் தேட வேண்டும். சீனியும் அழுத்தமும் கட்டுக்குள் இருக்குமானால் 58இலேயே இருக்க விடுங்கள். புரதமும் நடையும் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


கடற்கரை வீதி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இந்த இழையின் தொடுப்பை அனுப்பினேன்; வரும் வாரம் குடும்ப வைத்தியரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மா மட்டும் என் பங்கு தீர்ப்பை ஏற்று, தம்பியின் பங்கை ஏற்க மறுக்கிறார். மெலிந்த பிள்ளையை இன்னும் மெலியச் சொல்வதா என்று கேட்கிறார். அவருக்கு நாடாவைக் கையில் கொடுத்து அவரையே அளக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. தம்பியின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளும் மெல்லிய மணிக்கட்டு உடையவள். இந்த முழங்கைக் கணக்கை அவளுக்கும் போட்டுப் பார்க்கலாமா?


போசணை மேசை (பொரளை)

வேண்டாம், அண்ணா. மேலே நாம் பேசிய முழங்கை, மணிக்கட்டு எல்லைகள் யாவும் வளர்ச்சி முடிந்தவர்களுக்கு உரியவை. பன்னிரண்டு வயதில் எலும்பு நீளவும் அகலவும் வளர்ந்துகொண்டிருக்கும். அதுவும் பெண்பிள்ளைகளுக்கு அந்த வயதையொட்டியே வளர்ச்சி வேகம் உச்சத்தில் இருக்கும். 23, 25 என்ற எல்லைகளும் அவளுக்குச் செல்லாது. 5 முதல் 19 வயது வரையானவர்களுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வயதுக்கேற்ற உடற்திணிவுச் சுட்டி வளைகோடுகள் உள்ளன. பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும் பொதுச் சுகாதார வைத்தியக் குழுவிடமோ உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கேட்டால் அவளுடைய புள்ளியைக் குறித்துக் காட்டுவார்கள். ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல், ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று புள்ளிகள் ஒரே வளைகோட்டை ஒட்டிப் போகின்றனவா என்று பாருங்கள். குடும்பத்தில் தந்தைக்குக் குளுக்கோசு ஏறத் தொடங்கியிருப்பதையும் அந்த வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அவள் இருக்கும்போது வீட்டில் தராசைப் பற்றியும் எவருடைய வயிற்றைப் பற்றியும் பேசாதிருப்பது நல்லது.